ஆறாவது வாய்க்கால்

கணியூர் என்று சொன்னதும் கோவை நண்பர்கள், "டோல்கேட் இருக்கிறதே, அந்த ஊரா?" என்று கேட்பார்கள். அது வேறு கணியூர். கருமத்தம்பட்டிக்கு அருகில், சேலம் நெடுஞ்சாலையில் இருப்பது. நான் பிறந்த கணியூர் அமராவதி ஆற்றங்கரையில், மடத்துக்குளம் வட்டத்தில் இருக்கிறது. அதன் வழியாகப் போகிறவர்களிடம் சுங்கம் வசூலித்தால், வசூலிப்பவரின் சம்பளத்துக்குக்கூடக் காணாது. 2009 பிப்ரவரி வரை நாங்கள் கோவை மாவட்டத்துக்காரர்கள். அந்த மாதம் திருப்பூர் மாவட்டம் உருவானபோது, இருந்த இடத்தை விட்டு நகராமலேயே திருப்பூர்க்காரர்கள் ஆனோம். என் தந்தை கடைசிவரை கடித உறைகளில் 'கோவை மாவட்டம்' என்றே எழுதிக்கொண்டிருந்தார். அஞ்சல் எண் சரியாக இருந்ததால் கடிதங்கள் போய்ச் சேர்ந்தன.

அது கிராமம்தானா என்பதிலும் குழப்பம் உண்டு. வருவாய்த்துறைக்கு அது கிராமம், உள்ளாட்சிக்குப் பேரூராட்சி. 2008இல் நூறு நாள் வேலைத்திட்டம் எங்கள் மாவட்டத்துக்கு வந்தபோது, சுற்றியுள்ள ஊராட்சிகளில் பெண்கள் அட்டை வாங்கிக்கொண்டு குளம் வெட்டப் போனார்கள். பேரூராட்சி என்பதால் கணியூருக்கு அட்டை இல்லை. நகரம் என்ற பட்டத்தினால் ஊர் ஏழைகள் அடைந்த பலன் இது ஒன்றுதான் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

2023 தை மாதம் அப்பா காலமானார். அதே ஜனவரியில் இங்கிலாந்தில் ரொனால்ட் பிளைத் என்ற எழுத்தாளர் நூறு வயதில் இறந்தார். இரண்டு மரணங்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கருமாதி முடியும்வரை ஊரில் தங்கியிருந்த நாட்களில், பையில் கிடந்த அவருடைய 'ஏக்கன்ஃபீல்டு' நூலைப் படித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். 1969இல் வெளிவந்த புத்தகம். சஃபோக் பகுதியில் உள்ள ஒரு சிற்றூரின் சித்திரம். ஊரின் பெயர் கற்பனை. சார்ஸ்ஃபீல்டு என்ற ஊரும் அதன் அக்கம்பக்கமுமே அது. பிளைத் வீடு வீடாகச் சென்று பண்ணையாள், கொல்லர், ஆசிரியர், செவிலி, கல்லறைக் குழி தோண்டுபவர் என்று எல்லாரையும் பேசவைத்து, பெயர்களை மாற்றி எழுதினார். 1974இல் பீட்டர் ஹால் அதைத் திரைப்படமாக்கியபோது ஊர்க்காரர்களையே நடிக்கவைத்தார்.

ஆங்கிலேயக் கிராமம் என்றால் நமக்கெல்லாம் ஒரு காட்சி மனத்தில் இருக்கிறது. பசும்புல், தேவாலயக் கோபுரம், வேலியோரம் ரோஜா. பாடப்புத்தகங்கள் தந்த காட்சி. இந்தப் புத்தகத்தில் முதலில் பேசும் கிழவரே அதைக் கலைத்துவிடுகிறார். 1914இன் போருக்குப் போனதை அவர் விடுதலை போலச் சொல்கிறார். படையில் பயிற்சி பெற்ற நான்கு மாதங்களிலேயே அவருக்கு உடல் எடை கூடிவிட்டதாம். சாவதற்கு அழைத்துப்போன இடத்தில்தான் வாழ்வில் முதன்முதலாக அவருக்கு முதுகொடியும் வேலை இல்லாமல் இருந்திருக்கிறது. இந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தேன். வாசலில் பந்தல்காரர்கள் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊருக்கும் இப்படி ஒன்று எழுதினால் என்ன என்ற ஆசை அப்போதுதான் வந்தது. கொங்குக் கிராமம் தமிழ்ப் புனைகதைக்குப் புதிதல்ல. ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இலேயே வந்துவிட்டது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' 2000இல் வந்தது. நான் விரும்பியது கதையை அல்ல, ஆவணத்தை. ஆவணம் தேடப் புறப்பட்டதும் வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் உள்ள முதல் வேறுபாடு முகத்தில் அறைந்தது.

இங்கிலாந்தில் 1086இல் வில்லியம் மன்னன் எடுத்த டூம்ஸ்டே கணக்கில் பெரும்பாலான ஊர்கள் இருக்கின்றன. நிலம் யாருடையது, ஏர் எத்தனை, ஆலை எத்தனை, மேய்ச்சல் எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள். நிலக்காரருக்குப் பெயர் உண்டு. உழுதவர்களும் அடிமைகளும் வெறும் எண்ணிக்கை. ஆனால் 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாரந்தோறும் ஏட்டில் எழுத வேண்டும் என்பது ஆணை. நிலம் உள்ளவன், இல்லாதவன் என்ற பேதம் அதில் இல்லை. அதனால் சஃபோக் பண்ணையாளின் பேரன் ஒருவன், பொறுமை இருந்தால், தன் பாட்டனுடைய பாட்டனின் பெயரை ஏட்டில் விரல் வைத்துத் தொட்டுவிட முடியும்.

எங்களுக்கு என்ன இருக்கிறது? பக்கத்திலுள்ள கடத்தூரில் ஆற்றங்கரையில் அர்ச்சுனேசுவரர் கோயில் இருக்கிறது. மருதமரத்துக்கு வடமொழியில் அர்ச்சுனம் என்று பெயர். பாண்டவரில் ஒருவனை அங்கே கொண்டுவந்து நிறுத்த அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. அதன் சுவர்களில் கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. கொடுத்தவர் பெயரும் கொடுத்த பொருளும் பேசும் கற்கள். பிறகு கும்பினி ஆட்சியின் ரயத்துவாரி, நில அளவை, 'அ' பதிவேடு, அடங்கல், சிட்டா. 1980இல் கணக்குப்பிள்ளை, மணியகாரர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, பின்பு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 1979க்கும் 1987க்கும் இடையில் யூ.டி.ஆர். என்று பட்டாக்களைத் திருத்தினார்கள். அதில் நேர்ந்த பிழைகளுக்காக இன்றுவரை பங்காளிகள் பேசாமல் இருக்கிறார்கள். அத்தனையும் நிலத்தின் ஏடுகள். நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தால் மனிதனுக்கும் ஒரு வரி கிடைக்கும். டூம்ஸ்டே நம்மிடம் பல பிரதிகள் இருக்கிறது. 1538தான் வரவில்லை.

இருந்தாலும் கணியூருக்கு வரலாறு இல்லையா என்றால், இருக்கிறது. அது ஊருக்குள் ஓடுகிறது. அமராவதிக்கு ஆன்பொருநை என்று பழம்பெயர். மலையிலிருந்து இறங்கித் தாராபுரம், கரூர் வழியாகப் போய்த் திருமுக்கூடலில் காவிரியில் சேர்கிறது. அணை கட்டியது 1957இல்தான். அதற்கு வெகு காலம் முன்பே ஆற்றை அங்கங்கே மறித்து வாய்க்கால்கள் வெட்டியிருக்கிறார்கள். கல்லாபுரம், ராமகுளம், குமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிபுத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று எட்டு ராஜவாய்க்கால்கள். எங்களுடையது ஆறாவது. எந்த ராஜா என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எட்டுக்கும் சேர்த்துப் பாசனம் 7,520 ஏக்கர். கீழே அலங்கியத்திலிருந்து கரூர் வரையுள்ள பழைய வாய்க்கால்களுக்கு 21,867 ஏக்கர். அணை வந்தபிறகு சேர்ந்த புதிய ஆயக்கட்டு 25,250 ஏக்கர். இந்த எண்களை என் தந்தை தூக்கத்திலும் சொல்வார். 'நாங்கள் பழைய ஆயக்கட்டு' என்பதை அவர் சொல்லும் தொனியில் நிலவுரிமையும் குலப்பெருமையும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கும்.

அணைக்கு முன்னால் தண்ணீர் மழையைக் கேட்டு வந்தது. அதன்பின் அரசாணையைக் கேட்டு வருகிறது. இத்தனாம் தேதி முதல் இத்தனை நாட்களுக்கு, இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் அடைப்பு என்று. 1960இல் கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை தொடங்கியபின் நெல் வயல்கள் பாதி கரும்பாயின. வெட்ட ஆள் கிடைக்காமல் கரும்பு தென்னையாயிற்று. தென்னை சோம்பேறிப் பயிர் என்று அப்பா திட்டிக்கொண்டே நட்டார். 2016க்குப் பிறகு சுருள் வெள்ளை ஈ வந்து, ஓலைகளெல்லாம் கரி பூசினாற்போல் ஆனபோது, அவருக்கு அதில் ஒரு சிறு திருப்திகூட இருந்தது என்று நினைக்கிறேன். இப்போது அந்த ஒன்றே முக்கால் ஏக்கருக்கு மனை போடுகிறவர்கள் இரண்டு பேர் வந்து போயிருக்கிறார்கள். அக்காவுக்கும் எனக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.

வாய்க்காலைப் பற்றி என்னால் பக்கம் பக்கமாக எழுத முடியும். பாலத்தின் கைப்பிடிச் சுவரிலிருந்து குதித்தது, முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக உருண்டு வருவதை அதன் கூடவே ஓடிப் பார்த்தது, நிலா வெளிச்சத்தில் மடை திரும்பும் சத்தம். உண்மையில் அப்படி எழுதவும் தொடங்கினேன். முப்பது பக்கம் வந்தது. அதைக் கெடுத்தது அப்பாவின் டைரிகள்.

உரக்கடைக்காரர் ஆண்டுதோறும் இலவசமாகக் கொடுத்தவை. 1968இல் தொடங்கி நாற்பதுக்கும் மேல் இருந்தன. தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், விதை நெல் விலை, மழை, மாடு ஈன்ற நேரம் எல்லாம் இருந்தன. மாடு ஈன்ற நேரம் நிமிடக் கணக்கில். ஏறத்தாழ எல்லா நாளும் ஒரு வரி: 'ஆள் வந்தான். இரவு முறை.' அல்லது, 'ஆள் வரவில்லை.' இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் வயலுக்குத் தண்ணீர் கட்டியவர் அந்த ஆள். அறுவடை தோறும் அவருக்கு அளந்த நெல் எத்தனை வள்ளம் என்பது இருக்கிறது. பெயர் எங்குமே இல்லை.

எனக்கு அவரை நன்றாக நினைவிருக்கிறது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்காலைக் கடந்திருக்கிறார். ஊரே அவரை ஒரு பட்டப்பெயரால் அழைத்தது. அது உடல் குறையைக் குறிக்கும் சொல். இங்கே எழுதக் கூடியதல்ல. எட்டு வயதில் நானும் அதைச் சொல்லித்தான், 'டா' போட்டுத்தான் அழைத்தேன். 'சொல்லுங்க சாமி' என்பார். ஒரு ஊருக்கு வரலாறு எழுத உட்கார்ந்தவனுக்கு, தன்னைத் தோளில் சுமந்தவரின் பெயர் தெரியவில்லை. அப்பா கெட்டவர் அல்ல என்று இந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதி, அடித்துவிட்டேன். அது வேறு கட்டுரை.

2025 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகளைப் பார்க்கப் போனேன். முன்னதாகச் சொல்லி அனுப்பியிருந்தேன். மற்ற நாட்களில் அவரைப் பார்க்க முடியாது. காலையில் பனியன் கம்பெனி வேனில் ஏறினால் இரவுதான் இறங்குவார். வளவுக்குள் நடந்தபோதுதான் உறைத்தது, ஐம்பது வயதில் கணியூரில் நான் முதன்முறையாகக் கால் வைக்கும் தெரு அது. பிரதான சாலையிலிருந்து இருநூறு அடிகூட இருக்காது.

"வாங்ண்ணா," என்றார்.

அந்த 'அண்ணா'வில் ஒரு கணம் தடுமாறினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது உறவும் அல்ல, உரிமையும் அல்ல. திருப்பூரில் எல்லாரும் எல்லாரையும் அண்ணா, அக்கா என்றுதான் அழைப்பார்கள். முதலாளியும் அண்ணா, மெஷின் மெக்கானிக்கும் அண்ணா. சாமியை ஒழித்தது எந்த இயக்கமோ தெரியாது. எங்கள் ஊரில் பாதி வேலையை ஓவர்லாக் மெஷின் செய்திருக்கிறது. நானும் அன்றைக்குத்தான் அவரை 'நீங்க' என்றேன். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டம்ளரில் டீ கொடுத்தார். எங்கள் வீட்டில் அவருடைய அப்பாவுக்கு எதில் ஊற்றினோம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

வாய்க்காலைப் பற்றிச் சொல்லச் சொன்னேன்.

"வாய்க்கான்னா எனக்கு எங்கப்பன் காலுதானுங்ண்ணா நெனப்பு வரும். வெரலுக்கு நடுவுல பூராச் சேத்துப்புண்ணு. விடியக்கால வந்து உக்காந்தா எங்கம்மா வேப்பெண்ணெயக் காச்சி ஊத்தும். அப்பன் கத்தற சத்தத்த வச்சுத்தான் எங்களுக்கு ஆத்துல தண்ணி வுட்டாச்சுன்னு தெரியும்."

என்னுடைய முப்பது பக்கமும் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

பதினாறு வயதில் அத்தை மகள்களோடு திருப்பூருக்குப் போயிருக்கிறார். முதலில் பிசிறு வெட்டுதல், பிறகு செக்கிங், பிறகு மெஷின். உடன் படித்தவர்களில் இருவர் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் நூல் மில்லுக்குப் போனார்கள். முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி அழைத்துப்போகும் ஏற்பாடு. ஒருத்தி பாதியிலேயே நோயோடு திரும்பினாள். "நான் தப்பிச்சேன்" என்றார். சனிக்கிழமை சம்பளம் கையில் வாங்கியதைச் சொல்லும்போது இப்போதும் அவர் கை விரிந்து மூடியது. "மொத வருசத்துலயே ஒடம்பு தேறிருச்சுங்ண்ணா. நோம்பிக்கு ஊருக்கு வந்தப்ப எங்கம்மாளுக்கே அடையாளந் தெரியல."

சஃபோக் கிழவர் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இதை இன்பக்கதையாக்க நான் விரும்பவில்லை, அவரும் ஆக்கவில்லை. ஒன்றரை ஷிப்டு நின்றுகொண்டே செக்கிங் பார்த்துக் கணுக்கால் வீங்கியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டதும் அரை ஷிப்டு போய்விட்டது. "அவன் வரி போட்டாத்தான் எனக்கு ஞாயித்துக்கெழம கெடைக்குது," என்று சிரித்தார். ஆனாலும், வயலெல்லாம் தோப்பாகிவிட்டதே, நடவுப் பாட்டே கேட்கவில்லையே என்று நான் ஏதோ சொன்னபோது சிரிப்பு நின்றது.

"வயலா இருந்தப்ப நாங்க இதவுட நல்லா இருக்கலீங்ண்ணா."

பெயரைக் கேட்டேன். சொன்னார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எதற்கு என்று கேட்டார். ஊரைப் பற்றி எழுதப்போகிறேன், இதுவரை எந்த ஏட்டிலும் இல்லாத அவருடைய பெயர் அதில் வரும் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் சற்று யோசித்தார்.

"பேரு போடாதீங்ண்ணா. பையனுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கறோம். பொண்ணு வீட்டுக்காரங்க நெட்டுல தேடுனா, எங்கப்பன் உங்க வயல்ல தண்ணி கட்டுனதுதான் வரோணுமா?"

பிளைத் ஏன் பெயர்களை மாற்றினார் என்பதற்கு அதுவரை நான் நினைத்திருந்த காரணமெல்லாம் இலக்கியக் காரணம்.

கிளம்பும்போது டைரிகளைப் பற்றிச் சொன்னேன், அப்பா நாள்தோறும் எழுதிவைத்திருக்கிறார் என்று. அவர் முகம் மாறியது. "எம்பதும் எம்பத்தொண்ணும் இருக்குதுங்களா?" என்றார். விஷயம் இதுதான்: பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969லேயே வந்துவிட்டாலும், வீட்டில் பிறந்த இவர் எந்தப் பதிவிலும் ஏறவில்லை. பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர் ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டார், ஆண்டும் உத்தேசம்தான். அம்மா சொன்னது ஒன்றே ஒன்று. ஐப்பசி மழை, தண்ணீர் முறை வந்த இரவு. அப்பன் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் என் தந்தையிடம் வசவு வாங்கினார்.

அடுத்த ஞாயிறு இரண்டு டைரிகளையும் கொண்டுபோனேன். 1980 ஐப்பசியில் இரண்டு நாள், 1981 ஐப்பசியில் ஒரு நாள், 'ஆள் வரவில்லை' என்று இருந்தது. ஒன்றில், 'நானே போய்த் திருப்பினேன். நல்ல மழை.' இன்னொன்றில் வேறு எதுவும் இல்லை. மூன்றாவதில், 'ஆள் வரவில்லை. கேட்டதற்குச் சரியான பதில் இல்லை.'

அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அந்த வரியை, பள்ளியில் வாசிப்பதுபோல, விரல் வைத்து இரண்டு முறை உரக்கப் படித்தார். பிறகு உள்ளே பார்த்து மகனைக் கூப்பிட்டார். மூன்றில் எது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மகன் வந்து மூன்று பக்கங்களையும் செல்பேசியில் படம் எடுத்தான். டைரி விரிந்து கிடந்ததால் எதிர்ப்பக்கமும் படத்தில் விழுந்திருக்கும். 'செவலை ஈன்றது. காளைக்கன்று. காலை மணி 4.20' என்று அப்பாவின் கையெழுத்தில் அதில் இருந்தது.